இரண்டு செட் சீருடையில் ஒரு பையன் நேர்த்தியாகத் தெரிய முடியுமா?

கேள்வி, 2025 மே 8

பத்தாம் வகுப்புத் தேர்வு எழுதி முடித்திருக்கிறேன். ஜூனில் பதினோராம் வகுப்பு. வேறு பள்ளி, வேறு நிறச் சீருடை. எட்டாம் வகுப்பு வரை அரசு கொடுத்தது. ஒன்பதிலும் பத்திலும் அண்ணன் போட்டதை வைத்து ஓட்டினேன். இப்போது புதிதாக எடுக்க அப்பா இரண்டு செட்டுக்குத்தான் பணம் தருவார். எல்லாரும் போடுவது ஒரே சீருடைதான், ஆனால் சில பையன்கள் அதில் எடுப்பாக இருக்கிறார்கள். நான் போட்டால் இரவல் துணியை மாட்டியதுபோல் இருக்கிறது. வசதி இருந்தால்தான் நன்றாக உடுத்த முடியுமா?

மே 9

தம்பி, நான் மதுரையில் தையற்கடை வைத்திருக்கிறேன். மே மாதம் முழுக்கச் சீருடைதான் தைக்கிறேன், அதனால் இதைச் சொல்ல எனக்குக் கொஞ்சம் தகுதி உண்டு. இரவல் துணிபோல் தெரிவதற்குக் காரணம், நீ இரண்டு ஆண்டுகளாக இரவல் துணியைத்தான் போட்டிருக்கிறாய். அண்ணனுடைய தோள் வேறு, உன் தோள் வேறு. நீ பார்த்துப் பொறாமைப்படும் பையனின் துணி உன் துணியைவிட உயர்ந்ததாக இருக்காது. அது அவன் உடம்புக்கு வெட்டியதாக இருக்கும், அவ்வளவுதான்.

முதலில் தோள். சட்டையின் தோள் தையல் உன் தோள் எலும்பு முடிகிற இடத்தில் உட்கார வேண்டும். அது கைப்பக்கம் இறங்கினால் எவ்வளவு விலை உயர்ந்த சட்டையும் தொங்கும். தோள் சரியாக இருந்தால் பார்ப்பவர் கண் மற்றக் குறைகளை விட்டுவிடும். காலர் பொத்தானைப் போட்டபின் கழுத்துக்கும் காலருக்கும் நடுவே இரண்டு விரல் நுழைய வேண்டும். அரைக்கை முழங்கைக்குக் கொஞ்சம் மேலே முடிய வேண்டும். முழங்கையைத் தொடும் அரைக்கை ஆளைக் குள்ளமாகக் காட்டும். சட்டை உயரத்துக்கு ஒரு சோதனை உண்டு. அளவு எடுப்பவரிடம், "இன் செய்து போடுவேன், கரும்பலகையில் எழுதக் கையைத் தூக்குவேன்" என்று சொல். கையைத் தூக்கும்போது சட்டை வெளியே வந்துவிட்டால் நாள் முழுக்க அதைத் திணித்துக்கொண்டே இருப்பாய்.

பேன்ட் அளவு கொடுக்கும்போது பள்ளிக்கு எந்தச் செருப்போ ஷூவோ போடுவாயோ அதையே போட்டுக்கொண்டு போ. வெறுங்காலில் அளவு கொடுத்துவிட்டு, பிறகு குட்டை என்றும் நெட்டை என்றும் சண்டைக்கு வருபவர்கள் ஏராளம். ஷூ என்றால் பேன்ட் அதன் மேற்புறத்தைத் தொட்டு நிற்கட்டும். செருப்பு என்றால் அரை அங்குலம் குறைத்துக்கொள். தரையில் தேயும் பேன்ட் ஆறு மாதத்தில் நூல் பிரியும்.

துணி 58 அங்குல அகலமாக இருந்தால் உன் வயதுப் பையனுக்குப் பேன்ட்டுக்கு 1.20 மீட்டர் போதும். முழுக்கைச் சட்டைக்கே 1.60 மீட்டர் போதும், அரைக்கைக்கு அதைவிடக் குறைவு. கடையில் கூடுதலாக வெட்டித் தந்தால் ஏன் என்று கேள்.

மே 9, இரவு

முக்கியமான ஒன்று விட்டுப்போயிற்று. உனக்குப் பதினாறு வயது. இன்னும் வளர்வாய். தைப்பவரிடம் மூன்று இடத்தில் துணியை உள்ளே விட்டுத் தைக்கச் சொல்: பேன்ட் கால்மடிப்பில் மூன்று அங்குலம், பேன்ட்டின் பின்பக்க நடுத்தையலில் இரு புறமும் ஒன்றரை அங்குலம், சட்டையின் பக்கத்தையலில் அரை அங்குலம். அடுத்த ஆண்டு பிரித்து விட்டால் அதே துணி மறுபடி பொருந்தும். தோளில் மட்டும் பிரித்து விட இடம் கிடையாது. ஆகவே தோளை மட்டும் வெட்டும்போதே கால் அங்குலம் தாராளமாக வெட்டச் சொல். மற்ற எல்லா இடத்திலும் இன்றைய அளவுக்கு வெட்டு, நாளைய வளர்ச்சிக்குத் துணியை உள்ளே மறைத்து வை.

"வளர்கிற பையன், பெரிதாகவே தைத்துவிடுங்கள்" என்று பெற்றோர் சொல்வது எனக்குப் புரிகிறது. ஆனால் அந்தப் பெரிய துணி அவனுக்குப் பொருந்தும் நாள் வரும்போது அது வெளுத்துப் போயிருக்கும். ஒரு நாள்கூட அவன் சரியான துணி போட்டிருக்க மாட்டான்.

மே 12

வேறொரு வாசகர் கேட்டிருக்கிறார்: "பையன்கள் எல்லாரும் காலோடு ஒட்டிய பேன்ட்தானே கேட்கிறார்கள், நீங்கள் சொல்வது பழைய காலம் இல்லையா?"

ஒட்டத் தைப்பது எனக்கு எளிது, துணியும் மிச்சம். இருந்தாலும் வேண்டாம் என்று சொல்லக் காரணம் உண்டு. சீருடைத் துணி பெரும்பாலும் பாலியஸ்டர் கலந்தது. நீட்டிக்கொடுக்கும் நூல் அதில் இல்லை. ஜீன்ஸ் அளவுக்கு அதை இறுக்கினால் தொடையில் வரி வரியாகச் சுருக்கம் விழும், பாக்கெட் வாய் திறந்துகொள்ளும், என்றாவது ஒரு நாள் கீழே விழுந்த பேனாவை எடுக்கக் குனியும்போது பின்தையல் விட்டுவிடும். அந்தப் பையன் புத்தகப் பையைப் பின்னால் மறைத்துக்கொண்டு என் கடைக்கு வந்து நிற்பதைப் பார்க்க எனக்குச் சிரிப்பு வருவதில்லை. பாவமாக இருக்கிறது. பள்ளியிலிருந்து கடைவரை அவன் எப்படி நடந்து வந்திருப்பான்?

பாட்டம், அதாவது பேன்ட் காலின் கீழ்முனை, சுற்றளவு 14 அங்குலம் வை. பாதம் பெரிதென்றால் 15. அது இன்றைய கண்ணுக்கும் பிடிக்கும், காலுக்கும் இடம் தரும். 12-க்கு இறங்காதே. தொடையில் பக்கத்துக்கு ஓர் அங்குலம் பிடித்து இழுக்க முடிய வேண்டும். தைத்து வாங்கும்போது கடையிலேயே போட்டுப் பார்த்துக் குத்துக்காலிட்டு உட்கார். வெட்கப்படாதே. நான் எல்லாரையும் உட்காரச் சொல்கிறேன்.

நான் காஜா (பொத்தான் துளை) எடுக்கும் பையனாகச் சேர்ந்தது மீனாட்சியம்மன் கோயில் கிழக்குக் கோபுரத்துக்கு எதிரே, புது மண்டபத்தில். திருமலை நாயக்கர் கட்டிய மண்டபம். தூணுக்குத் தூண் தையல் இயந்திரம் ஓடும். அழகர் திருவிழாவுக்கு வேடத் துணி தைப்பவர்களும் அங்கேதான் இருந்தார்கள். என் மாஸ்டர் 1970-களில் பெல்பாட்டம் தைத்தவர். ஷூவே தெரியாத அளவுக்கு விரிந்த பாட்டம் கேட்டு வரிசையில் நின்றார்களாம். பிறகு இடுப்பில் நாலு மடிப்பு வைத்த தொளதொளப் பேன்ட் வந்தது. பிறகு காலோடு ஒட்டிய பென்சில் பேன்ட் வந்தது. இப்போது மறுபடியும் அகலம் கேட்கிறார்கள். மாஸ்டர் சொல்வார்: "பாட்டம் மாறிக்கொண்டே இருக்கும், சீட் மாறாது." இடுப்பும் உட்காரும் இடமும் சரியாக வெட்டிய பேன்ட்டின் பாட்டத்தை எப்போது வேண்டுமானாலும் குறைக்கலாம். நான் அதற்கு 50 ரூபாய்தான் வாங்குகிறேன்.

புது மண்டபக் கடைகள் இப்போது குன்னத்தூர் சத்திரத்துக்குப் போய்விட்டன. மண்டபத்தின் சிற்பங்களுக்கு அது நல்லது. ஆனாலும் அந்தப் பக்கம் போனால் என் காது இயந்திரச் சத்தத்தைத் தேடுகிறது.

மே 13

கருப்பு பெல்ட் என்றால் கருப்பு ஷூ. பெல்ட்டின் கொக்கி சிறிதாக இருக்கட்டும். இதற்குமேல் பெல்ட்டைப் பற்றிச் சொல்ல ஒன்றும் இல்லை.

மே 19

நேற்று ஒருவர் எழுதியது: "நான் குண்டாக இருக்கிறேன். எந்தச் சீருடை போட்டாலும் நன்றாக இல்லை. கடையில் அளவு எடுக்கும்போதே அழுகை வருகிறது."

இதைப் படித்துவிட்டுக் கடையில் வேலை ஓடவில்லை. அளவு எடுக்கும்போது என்ன நடக்கிறது என்று எனக்குத் தெரியும். நாடாவைப் பிடித்தவர் எண்ணை உரக்கச் சொல்வார், எழுதுபவர் அதைத் திரும்பச் சொல்வார், கூட வந்த அத்தை, "இந்த வயதில் இவ்வளவு இடுப்பா!" என்பார், காத்திருப்பவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்ப்பார்கள். என் கடையில் எண்ணைச் சொல்வதை நிறுத்திப் பல காலம் ஆகிறது. நானே அளந்து நானே எழுதுகிறேன். தொழிலில் இருப்பவர்கள் யாராவது இதைப் படித்தால் அருள்கூர்ந்து இதையாவது செய்யுங்கள். பதினைந்து வயதுப் பையனின் இடுப்பளவு ஊருக்குத் தெரிய வேண்டிய சங்கதி இல்லை.

இப்போது உனக்கு. பேன்ட்டை வயிற்றுக்குக் கீழே இறக்கிக் கட்டாதே. இறக்கினால் வயிறு பெல்ட்டுக்கு மேல் தள்ளித் தெரியும், சட்டையும் இன்னில் நிற்காது. தொப்புளை ஒட்டிய இடத்தில் இடுப்பை வைத்துத் தைக்கச் சொல். இரண்டு பேர் நுழையும் அளவுக்குத் தொளதொளவென்று போடுவதும் தவறு. அது உடம்பை மறைப்பதற்குப் பதில் பெருக்கிக் காட்டும். முன்பக்கம் பக்கத்துக்கு ஒரு சிறு மடிப்பு வைத்தால் உட்காரும்போது இழுக்காது. பாட்டம் 16 வரை போகலாம். தொடை பெரிதாக இருக்கும்போது பாட்டத்தைக் குறுக்கினால் பாதம் சிறுத்துத் தெரியும். சட்டையில் பொத்தான்களுக்கு நடுவே வாய் பிளந்தால் பிரச்சினை மார்பளவில் இருக்கிறது. பெரிய அளவுச் சட்டை வாங்கினால் தோள் தொங்கும். தைத்துப் போடுவதே உனக்கு ஏற்றது. ஆயத்த ஆடை சராசரி உடம்புக்கு வெட்டியது. அது உனக்குப் பொருந்தாதது உன் குற்றமே இல்லை.

ஒல்லியாக இருப்பவர்கள் இதற்கு நேர்மாறாகச் செய்கிறார்கள், ஒட்டத் தைத்துக்கொள்கிறார்கள். ஒட்டினால் எலும்புதான் தெரியும். உள்ளே கைவைத்த பனியன் போட்டு, சட்டையின் பக்கத்தை மட்டும் அளவாகக் குறைத்தால் போதும். கைவைத்த பனியன் அக்குள் வியர்வையையும் வாங்கிக்கொள்ளும். நம் ஊர் வெயிலில் அது பெரிய உதவி.

மே 20

வேறொரு ஊர்த் தையற்காரர் எழுதியிருக்கிறார்: மெல்லிய துணியில் கால்மடிப்பில் மூன்று அங்குலம் விட்டால் கீழே கனத்துத் தடித்து நிற்கும், இரண்டரை போதும் என்கிறார். நியாயம்தான். கனத்த துணிக்கு மூன்று, மெல்லியதற்கு இரண்டரை. இரட்டை மடிப்பாக மடித்துக் கையால் தைத்தால் வெளியே நூலும் தெரியாது, பிரிப்பதும் எளிது.

மே 27

துணி எடுக்கப் போகிறவர்களுக்கு. இரண்டு பேன்ட்டுக்கும் ஒரே நாளில், ஒரே ரோலிலிருந்து வெட்டி வாங்குங்கள். "பழுப்பு" என்று பள்ளி சொல்லும், கடையில் ஐந்து வகைப் பழுப்பு இருக்கும். அடுத்த மாதம் போனால் அதே ஆலைத் துணியே ஒரு சாயல் மாறி வரும். துணியைக் கடை வாசலுக்குக் கொண்டுபோய் வெயிலில் பாருங்கள். குழல் விளக்கில் எல்லாம் ஒன்றுபோல்தான் தெரியும்.

நிறத்தைப் பற்றி இவ்வளவு சொல்லக் காரணம் இருக்கிறது. நான் படித்த பள்ளியில் என் பேன்ட் ஒரு சாயல் மங்கல். அப்பாவின் பேன்ட்டை வெட்டி அம்மா தைத்தது. ஓர் ஆசிரியர் காலை வழிபாட்டில் என்னை வரிசையிலிருந்து வெளியே இழுத்து, எல்லார் முன்னாலும் நிற்கவைத்து, "இதுதான் நம் பள்ளிச் சீருடையா?" என்று கேட்டார். யாரும் பதில் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. அதன்பின் என்னைவிட அம்மாவுக்குத்தான் அது அதிக நாள் வலித்தது. இன்று அந்த மாதிரிப் பையன் வந்தால், பழைய பேன்ட்டாக இருந்தாலும் பள்ளி நிறத்துக்குச் சாயம் ஏற்ற முடியுமா என்று முதலில் பார்க்கிறேன். பருத்தி என்றால் வீட்டிலேயே ஏறும். பாலியஸ்டரில் அந்தச் சாயம் பிடிக்காது. அதற்கு வேறு வழிதான் தேட வேண்டும்.

முழுப் பருத்தித் துணி எடுத்தால் வெட்டுவதற்கு முன் ஓர் இரவு தண்ணீரில் ஊறப்போட்டுக் காயவைத்துக் கொடுங்கள். இல்லாவிட்டால் முதல் சலவையில் பேன்ட் கணுக்காலுக்கு ஏறிவிடும்.

ஜூன் 1

நாளை பள்ளி திறக்கிறது. கேள்வி கேட்ட தம்பி படம் அனுப்பியிருந்தான். தோள் சரியாக இருக்கிறது. பாட்டமும் அவன் ஊர்த் தையற்காரர் அளவாகவே வைத்திருக்கிறார். சட்டைப் பையில் நாலு பேனா குத்தியிருக்கிறாய், தம்பி. ஒன்று போதும். மற்றதைப் பைக்குள் வை.

பேனா மை பட்டால் தண்ணீர் ஊற்றித் தேய்க்காதே, பரவும். கறைக்கு அடியில் பழந்துணியை வைத்து, கை கழுவும் சானிடைசரைப் பஞ்சில் தொட்டு ஒற்றி எடு. பந்துமுனைப் பேனாக் கறை பெரும்பாலும் போய்விடும்.

ஜூன் 8

இரண்டு செட்டை வைத்து ஐந்து நாள் எப்படி ஓட்டுவது என்று மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். ஒரு செட்டைப் போடு, ஒரு செட்டைத் துவை. பள்ளி விட்டு வந்ததும் சீருடையைக் கழற்றி, வீட்டு உடைக்கு மாறு. சீருடையோடு விளையாடப் போவதும் சாப்பிடுவதும் படுப்பதும்தான் துணியைத் தின்கிறது.

காலரிலும் கை ஓரத்திலும் முதலில் சோப்பைத் தேய்த்துப் பத்து நிமிடம் விட்டு, பிறகு முழுச் சட்டையையும் நனை. தலைக்கு எண்ணெய் இரவில் தேய்த்துக் காலையில் அலசிவிட்டால் காலரில் பாதி அழுக்கு சேராது. வெள்ளைச் சட்டை மஞ்சளடித்தால் பிளீச்சிங் பவுடரில் போடாதே. பருத்தியின் வலு போய்விடும், கலப்புத் துணி இன்னும் மஞ்சளாகும். நீலம் போடுவதானால் ஒரு வாளித் தண்ணீரில் நன்றாகக் கலக்கிய பின் சட்டையை அமிழ்த்து. நேரே சட்டைமேல் ஊற்றினால் திட்டுத் திட்டாகப் பிடிக்கும். எங்கள் பக்கம் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் உப்பு. சோப்பு நுரைக்காமல் துணியில் ஒட்டி வெள்ளை சாம்பலாகிவிடுகிறது. கடைசி அலசலுக்காவது நல்ல தண்ணீர் ஒரு வாளி ஒதுக்குங்கள்.

பேன்ட்டை உள்புறம் வெளியே திருப்பி நிழலில் காயப்போடு. நிறம் மங்குவது வெயிலால்தான்.

வீட்டில் இஸ்திரிப் பெட்டி இல்லையா? எங்கள் வீட்டிலும் இல்லை. பித்தளைச் சொம்பில் அடுப்புத் தணலைப் போட்டு அம்மா சட்டை தேய்த்தார். பேன்ட்டை லேசான ஈரத்தோடு மடிப்புப் பார்த்து மடித்துப் பாய்க்கு அடியில் வைத்துப் படுத்தால் காலையில் மடிப்பு நிற்கும். இஸ்திரிப் பெட்டி இருப்பவர்கள் பாலியஸ்டர் கலந்த துணிமேல் ஈரத்துணி விரித்து மிதமான சூட்டில் தேயுங்கள். சூடு அதிகமானால் துணி பளபளக்க ஆரம்பிக்கும். அந்தப் பளபளப்பு போகவே போகாது.

ஜூலை 15

இன்று காமராசர் பிறந்தநாள், கல்வி வளர்ச்சி நாள். கடைக்கு வந்த ஓர் ஓய்வுபெற்ற தலைமையாசிரியரோடு பேசிக்கொண்டிருந்தேன். காமராசர் முதலமைச்சராக இருந்தபோது, கல்வி இயக்குநர் நெ. து. சுந்தரவடிவேலு முன்னின்று ஊர் ஊராகப் பள்ளிச் சீரமைப்பு மாநாடுகளை நடத்தினார். ஊர் மக்களே பெஞ்சும் கரும்பலகையும் பிள்ளைகளுக்குச் சீருடையும் வாங்கிக் கொடுத்தார்கள். வகுப்பில் யார் வீட்டில் பணம் இருக்கிறது, யார் எந்தத் தெரு என்பது துணியில் தெரியக் கூடாது என்பதற்காகத்தான் சீருடை.

எட்டாம் வகுப்பு வரை சத்துணவுத் திட்டத்தில் இருக்கும் பிள்ளைகளுக்கு அரசு ஆண்டுக்கு நான்கு செட் தருகிறது. அந்தத் துணியைக் கைத்தறி, விசைத்தறி நெசவாளர் கூட்டுறவுச் சங்கங்கள் நெய்கின்றன, மகளிர் தையல் கூட்டுறவுச் சங்கங்கள் தைக்கின்றன. பலர் அதைத் தோளில் தொங்கும் துணி என்று குறை சொல்கிறார்கள். பல ஆயிரம் பேருக்குச் சில அளவுகளில் தைத்தால் அப்படித்தான் வரும். பக்கத்துத் தையற்காரரிடம் கொடுத்துப் பக்கங்களைக் குறைத்துக்கொள்ளுங்கள். துணியில் குற்றமில்லை.

ஜூலை 16

நேற்று எழுதியதன் தொடர்ச்சி. ஒரு பையன் கேட்டிருந்தான்: "கையில் கலர் கயிறு கட்டினால் சீருடைக்கு எடுப்பாக இருக்குமா?"

கோயில் கயிறா, சாதிக் கயிறா என்று நான் கேட்கப் போவதில்லை. தென்மாவட்டத்தில் இருக்கும் யாருக்கும் அந்த நிறங்கள் என்ன சொல்கின்றன என்று தெரியும். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பள்ளி மாணவன் ஒருவனையும் அவன் தங்கையையும் உடன் படித்த பையன்களே வீடு புகுந்து வெட்டினார்கள். அதன்பின் அரசு அமைத்த நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. மாணவர்கள் நிறக் கயிறு, மோதிரம், நெற்றி அடையாளம் எதுவும் அணியக் கூடாது என்பது அதன் பரிந்துரைகளில் ஒன்று.

தம்பி, நான் தையற்காரனாகச் சொல்கிறேன். தோளும் பாட்டமும் பார்த்துப் பார்த்து, இரண்டு பேரையும் ஒன்றுபோல் தெரியவைக்கத் துணி வெட்டுகிறேன். நீ மணிக்கட்டில் ஒரு கயிற்றைக் கட்டி அதை அழித்துவிடாதே. பக்கத்துப் பெஞ்சுப் பையன் உன் கையைப் பார்த்துவிட்டுத் தள்ளி உட்காரும்படி உடுத்துவது நல்ல உடையா? மணிக்கட்டில் ஏதாவது இருக்க வேண்டுமென்றால் கடிகாரம் கட்டு. மணியாவது தெரியும்.

ஜூலை 30

முடி. இதைக் கேட்காதவர்களே இல்லை. காதுக்கு மேல் மழித்து உச்சியில் காடுபோல் விடும் வெட்டு பள்ளியில் சண்டையைத்தான் கொண்டுவரும். பக்கங்களைக் குட்டையாக, மேலே இரண்டு விரல் அளவுக்கு விட்டு வெட்டினால் எந்த முகத்துக்கும் பொருந்தும், யாரும் குறை சொல்ல முடியாது. மீசை அரும்பியவர்கள் அதைச் சீராக வைத்துக்கொண்டால் போதும்.

ஆசிரியர்களுக்கும் ஒன்று. வகுப்பில் வைத்துப் பையனின் முடியைக் கத்தரியால் வெட்டுவது ஒழுக்கம் கற்பிப்பதாகாது. கல்வி உரிமைச் சட்டத்தின் 17-வது பிரிவு குழந்தைக்கு உடல் தண்டனையும் மன வேதனையும் தரக் கூடாது என்கிறது. பெற்றோரைக் கூப்பிட்டுச் சொல்லுங்கள். அரைகுறையாக வெட்டிய தலையோடு பஸ்ஸில் வீட்டுக்குப் போகும் பையன் அன்று என்ன பாடம் படித்திருப்பான்?

ஆகஸ்ட் 24

பதினோராம் வகுப்பில் அரசு தரும் சைக்கிளைப் பற்றி ஒரு குறிப்பு. அதில் போகிறவர்கள் வலது காலின் கீழ்ப்பகுதியை ரப்பர் பட்டையால் கட்டிக்கொள்ளுங்கள். சங்கிலி மசகு பட்டால் உடனே சுண்ணக்கட்டித் தூளையோ முகப் பவுடரையோ தூவி எண்ணெயை உறிஞ்சவிட்டு, பாத்திரம் கழுவும் திரவத்தைத் தேய்த்துத் துவையுங்கள். காய்ந்த பின் செய்தால் பயன் குறைவு. சைக்கிள் இருக்கையில் உரசி உரசிப் பேன்ட்டின் பின்பக்கம் மெலிந்துவிடும். ஓட்டை விழும்வரை காத்திருக்காமல், மெலிந்தது தெரிந்ததும் உள்ளே ஒட்டுத்துணி வைத்து அடிக்கச் சொல்லுங்கள். வெளியே தெரியாமல் அடிக்க முடியும்.

செப்டம்பர் 22

"உடையில் என்ன இருக்கிறது, படிப்புதான் முக்கியம்" என்று ஒருவர் காட்டமாக எழுதியிருக்கிறார். 1921-ல் இதே நாளில், எங்கள் மதுரையின் மேலமாசி வீதியில் தங்கியிருந்த வீட்டிலிருந்து காந்தி அரையாடையோடு வெளியே வந்தார். அந்நியத் துணியைக் கைவிட்டுக் கதர் வாங்க ஏழைக்கு வழியில்லை என்றபோது, அந்த ஏழை கட்டும் அளவே தனக்கும் போதும் என்று முடிவெடுத்தார். உடை பேசாது என்று நினைத்திருந்தால் அவர் அதைச் செய்திருக்கத் தேவையில்லை. பிள்ளைகளின் உடையும் பேசுகிறது. கிழிந்த சட்டையோடு உட்கார்ந்திருக்கும் பையன் ஆசிரியர் கேட்கும் கேள்விக்குப் பதில் தெரிந்தாலும் எழுந்து நிற்கத் தயங்குவான். அந்தத் தயக்கம் எனக்குத் தெரியும். படிப்பு முக்கியம் என்பதால்தான் இவ்வளவும் எழுதிக்கொண்டிருக்கிறேன்.

அக்டோபர் 12

தீபாவளிக்கு எட்டு நாள். கடையில் நிற்க இடமில்லை. சுருக்கமாக: தீபாவளிச் சட்டையைப் பிறந்தநாளிலும் சுற்றுலாவிலும் பள்ளிக்குப் போடப் போகிறாய் என்றால், முதுகில் எழுத்து, மார்பில் படம் எல்லாம் வேண்டாம். ஒரே நிறம், அல்லது சிறு கட்டம். இளநீலம் நம் நிறத்துக்கு எல்லாருக்கும் பொருந்தும். கருப்பாக இருப்பவர்கள் வெளிர் நிறம்தான் போட வேண்டும் என்று சொல்பவர்களை நம்பாதே. கரும்பச்சையும் கருஞ்சிவப்பும் கருத்த உடம்பில் எவ்வளவு அழகாக இருக்கும் என்று கண்ணாடி முன் வைத்துப் பார்.

டிசம்பர் 14

மே மாதம் தைத்துக்கொண்ட தம்பி இரண்டு அங்குலம் வளர்ந்துவிட்டானாம். அரையாண்டு விடுமுறையில் கால்மடிப்பைப் பிரிக்கலாமா என்று கேட்கிறான். பிரி. பழைய மடிப்பு இருந்த இடத்தில் ஒரு கோடு தெரியும். வெள்ளை வினிகரைத் தண்ணீரில் கலந்து கோட்டில் தடவி, ஈரத்துணி போட்டுத் தேய்த்தால் மடிப்புத் தடம் மறையும். வெயிலில் வெளுத்ததால் வந்த நிறக்கோடு என்றால் முழுதாகப் போகாது. நிழலில் உலர்த்தியிருந்தால் அது லேசாகத்தான் இருக்கும். மெல்லிய துணிக்கு இரண்டரை போதும் என்ற பேச்சுக்கு இப்போது இன்னொரு யோசனை: வேகமாக வளரும் பையனுக்குத் துணி மெல்லியதாக இருந்தாலும் மூன்றே வையுங்கள். கொஞ்சம் தடித்தாலும் பரவாயில்லை, கணுக்கால் தெரிவதைவிட மேல்.

2026 ஜனவரி 8

பள்ளிப் பொங்கல் விழாவுக்கு வேட்டி. முதல்முறை கட்டுபவன் நாலு முழத்தில் ஆரம்பி, எட்டு முழம் பிறகு. புது வேட்டியை ஒருமுறை நனைத்துக் காயவைத்துவிட்டால் கஞ்சி இளகி இடுப்பில் நிற்கும். மொடமொடவென்று இருந்தால் நழுவும். உள்ளே அரைக்கால் சட்டை போட்டுக்கொள், மேலே பெல்ட். அதைச் சட்டை மறைத்துவிடும். ஒட்டிக்கொள்ளும் பட்டை வைத்த வேட்டி வாங்கினாலும் தப்பில்லை. கால் தடுக்காமல் இருக்க, கணுக்காலுக்கு ஓர் அங்குலம் மேலே கட்டு.

வேட்டி கட்டினால் கிராமத்தான் என்று கேலி செய்வார்களா என்று கேட்கிறாய். 2014-ல் வேட்டியோடு போன ஓர் உயர் நீதிமன்ற நீதிபதியைச் சென்னையில் ஒரு மன்றம் உள்ளே விடவில்லை. அதே ஆண்டு நம் சட்டமன்றம் அப்படித் தடுப்பது குற்றம் என்று சட்டம் இயற்றியது. தைரியமாகக் கட்டு.

பிப்ரவரி 22

பன்னிரண்டாம் வகுப்புப் பையன்கள் இப்போதே கல்லூரி உடையைப் பற்றிக் கேட்கிறார்கள். தேர்வை முடியுங்கள் முதலில். கேட்டதற்காகச் சொல்கிறேன்.

அரசுப் பள்ளியில் படித்து மேற்படிப்புக்குப் போகும் பையன்களுக்குத் தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வருகிறது. அதில் முதல் இரண்டு மாதத் தொகையை ஒதுக்கினால் இப்படி வாங்கலாம்: கருப்பு அல்லது கருநீலத்தில் ஒரு பேன்ட், சாம்பலில் ஒன்று, மேலே எந்தப் பேன்ட்டோடும் சேரும் மூன்று சட்டைகள். மதுரையில் விளக்குத்தூண் பக்கமோ, ஈரோட்டில் திங்கள் இரவு கூடும் கனி மார்க்கெட் சந்தையோ, திருப்பூர் காதர்பேட்டையோ, எது பக்கமோ அங்கே போ. நிறுவனப் பெயருக்குக் காசு கொடுக்காதே, துணியைப் பார். சட்டையை உள்புறம் திருப்பித் தையலை இரு கையாலும் லேசாக இழு. இடைவெளி விட்டு நூல் தெரிந்தால் வைத்துவிட்டு வா. கட்டம் போட்ட சட்டை என்றால் பையின் கட்டமும் சட்டையின் கட்டமும் ஒன்றோடு ஒன்று சேர்கிறதா என்று பார்; சேர்த்துத் தைத்தவன் மற்ற இடத்திலும் கவனமாகத் தைத்திருப்பான். பொத்தான் ஒன்று உபரியாக உள்ளே தைத்திருக்கும், அதை வெட்டி எறிந்துவிடாதே.

பேன்ட் ஆயத்தமாக வாங்கினால் இடுப்பைப் பார்த்து வாங்கு, நீளத்தைப் பிறகு வெட்டிக்கொள்ளலாம். வெட்டிய துண்டைத் தையற்காரரிடம் கேட்டு வாங்கி வைத்துக்கொள். பின்னால் ஒட்டுப்போட அதே நிறத் துணி வேறெங்கும் கிடைக்காது.